விழுந்த இடங்களை வெட்டாதீர்கள்

விளையாடுகிற பிள்ளைகளை வீடியோ எடுக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

கமராவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நான் தோள் வலிக்கச் சுமந்து திரிந்ததை நீங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறீர்கள். எந்தக் கல்லூரிக்கு எந்தப் படிவம், எந்த மென்பொருளில் எப்படி வெட்டுவது என்று என்னிடம் கேட்டால், நான் திருப்பி உங்களிடம்தான் கேட்பேன். ஆனால் இத்தாலியின் பலேர்மோவில் ஓடுகிற ஒரு பிள்ளையை, கடலுக்கு அப்பால் அவனை ஒரு நாளும் கண்டிராத ஒரு மனிதருக்கு எப்படிக் காட்டுவது என்ற விஷயத்தில் நான் ஒரு பிழை விட்டேன். சின்னப் பிழை இல்லை, நல்ல கொழுத்த பிழை. அதை என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேறு யாரும் சொன்னால் இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

நான் இந்த வேலைக்குப் படித்து வந்தவன் இல்லை. பலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய சந்தில் என் ஸ்டூடியோ இருந்தது. கலியாணம், சாமத்தியவீடு, முதல்நன்மை, பிறந்தநாள், எல்லாம் எடுப்பேன். ஊரே என்னை ‘வீடியோ அண்ணை’ என்றுதான் கூப்பிடும். போதாக்குறைக்குக் கலியாணப் பேச்சும் பார்த்தேன். வீடியோ எடுக்கப் போகிற இடமெல்லாம் பொடியனும் பெட்டையும் கண்ணில் படும்போது வாய் சும்மா இருக்குமா?

ஒரு கலியாணம் எடுத்த மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். அங்கே அமெரிக்கர்களின் ஃபுட்பால் விளையாடினார்கள். காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை இது. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை மாதிரியான பந்தைக் கையால் எறிந்து பிடித்து, ஆளை ஆள் மோதி விழுத்துகிற ஆட்டம். அந்தக் கழகத்தின் பயிற்சியாளர் பகலில் பலேர்மோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் என்னை ஏசுவார். அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “ஓடுகிற ஆட்களை எடுக்கத் தெரியுமா உனக்கு?” என்று கேட்டார். கலியாண வீட்டில் கேக்குக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளைகளைத் துரத்தித் துரத்தி எடுத்தவன் நான், எனக்கா தெரியாது! தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அமெரிக்கக் கல்லூரிகள் நல்ல விளையாட்டுக்காரருக்குப் படிக்க இடம் கொடுத்துக் கூப்பிடும். அதற்கு முதலில் ஒரு சின்ன வீடியோ அனுப்ப வேண்டும். நான் செய்த முதல் வீடியோவைப் பயிற்சியாளருக்குப் போட்டுக் காட்டினேன். பந்து பிடித்தவன் மெதுவாகத் திரும்புகிறான், வானத்திலிருந்து ரோசாப்பூ இதழ் கொட்டுகிறது, பின்னால் நாதஸ்வரம். கிரேன்காரர் கடைசிவரை பார்த்தார். பிறகு, “நல்லாயிருக்கு. ஆனால் இவன் யாரைக் கட்டப் போகிறான்?” என்று கேட்டார். நான் வெட்கத்தில் சுருங்கிப்போனேன். அன்றோடு ரோசாப்பூவை விட்டேன். ஆனால் கலியாண வீட்டுப் புத்தி அவ்வளவு லேசில் போகிறதா? அது வேறு வாசலால் உள்ளே வந்தது.

இனி றெக்சனுக்கு வருகிறேன். இது இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதியில் நடந்தது.

றெக்சனின் தாய் திரேசா இலங்கையின் மன்னார்ப் பக்கத்துப் பெண். வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்குப் பக்கத்தில் ஒரு இத்தாலியச் சீமாட்டி, சிஞ்ஞோரா என்போம், அவர் வீட்டில் வேலை. மகனைத் தனியாக வளர்த்தவர். றெக்சன் எங்கள் கழகத்தின் வைட் ரிசீவர், அதாவது எறிகிறவர் தூர எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிறவன். பிடித்த அடுத்த நொடியில் எதிரணியின் தடியன்கள் இரண்டு மூன்று பேர் வந்து மேலே விழுவார்கள். இந்த வேலைக்கு நெட்டையான பிள்ளைகளைத்தான் தேடுவார்கள். றெக்சன் ஐந்தடி ஆறு அங்குலம். அதுவும் தலைமயிரையும் சேர்த்து என்று நண்பர்கள் பகிடி பண்ணுவார்கள். ‘கடுகு சிறுத்தாலும்’ என்று தொடங்காத தமிழன் பலேர்மோவில் இல்லை. அந்தப் பழமொழியைக் கேட்டாலே பொடியனுக்குப் பற்றி எரியும்.

“அங்கிள், நான் கடுகில்லை. அதை இனி ஒராளும் சொல்லாதேங்கோ, பெர் ஃபவோரே,” என்று இத்தாலியனையும் கலந்து கெஞ்சுவான்.

சந்தைச் சனத்துக்குள் வளைந்து வளைந்து ஓடித்தான் அவனுக்கு அந்த வேகம் வந்தது என்று ஒரு பத்திரிகைக்காரப் பொடியன் எழுதினான். சுத்தப் பொய்! சந்தையில் அவன் ஆமை மாதிரித்தான் நடப்பான், ஒவ்வொரு கடையிலும் வாய் பார்ப்பான். வேகம் வந்தது மைதானத்தில். வெயிலில் பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கி வைத்துவிட்டு, ஒரே திருப்பத்தைத் திரும்பத் திரும்பச் செய்து செய்து வந்தது. நான் கண்ணால் கண்டவன், அதனால் சொல்கிறேன்.

அந்த வருடம் அவனுக்குப் பதினெட்டு முடிந்தது. பதினெட்டு முடிந்தால் தாயின் பெர்மெஸோவில், அதாவது அவருடைய வதிவிட அனுமதியில், தொங்கிக்கொண்டிருக்க முடியாது. படிப்பு என்றோ வேலை என்றோ தனக்கென்று ஒரு தாள் வேண்டும். நேப்பிள்ஸுக்குப் போகிற கப்பலின் சமையலறையில் ஒரு வேலை இருந்தது. சிஞ்ஞோராவின் உறவுக்காரர் ஒருவர் அதை யூன் கடைசி மட்டும் பிடித்து வைத்திருந்தார்.

திரேசா என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். “அண்ணை, யூன் முடியமுன்னம் அமெரிக்காவிலையிருந்து கடிதம் வந்தால் நான் மறிக்கேல்லை. வராட்டி அவன் கப்பலுக்குப் போறான். பிறகு உந்தப் பந்துக் கதை என்ரை வீட்டிலை கதைக்கப்படாது.”

நியாயமான பேச்சு. ஆகவே றெக்சனுக்கு இருந்தது அந்த ஒரு இளவேனில்தான். வீடியோ வெட்டுகிறவன் நான்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். கலியாணப் பேச்சில் நாங்கள் குறிப்பு எழுதும்போது பொடியனின் உயரத்தில் இரண்டு மூன்று அங்குலம் கூட்டித்தான் எழுதுவோம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்று பெரியவர்களே சொல்லிவைத்திருக்கிறார்கள், மூன்று அங்குலம் ஒரு பொய்யா? வீடியோவோடு போகிற தாளில் கை தன்பாட்டில் எழுதியது: ஐந்தடி ஒன்பது. கமராவையும் நிலத்தோடு வைத்து எடுத்தேன், ஆள் பனைமரம் மாதிரித் தெரிந்தான். மனச்சாட்சி ஒரு சத்தமும் போடவில்லை. உண்மையைச் சொன்னால், நல்ல வேலை செய்தேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். அவன் விழுந்த இடம் ஒன்று விடாமல் வெட்டினேன். கலியாண வீடியோவில் மாப்பிள்ளை வேட்டி தடக்கி விழுந்தால் நாங்கள் வைத்திருப்போமா? வெட்டிவிடுவோம். அதோடு இதற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. திரேசா ஒரு நாளும் மைதானத்துக்கு வந்ததில்லை, ஞாயிற்றுக்கிழமையும் வேலை. நான் வெட்டிக் கொடுக்கிற வீடியோவில்தான் மகனைப் பார்ப்பார். மகன் ஓடுகிறான், பிடிக்கிறான், எல்லாரும் கைதட்டுகிறார்கள். அவ்வளவுதான் அந்த ஆட்டம் என்று அவர் நம்பியிருந்தார். நானும் நம்ப விட்டிருந்தேன்.

வீடியோவை ஊர்பேர் தெரியாத கல்லூரிகளுக்கெல்லாம் அனுப்பினோம். பதில் இல்லை. ஏப்ரல் போனது, மே போனது. யூன் நடுவில் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. அவர்களுடைய ரிசீவர்களின் பயிற்சியாளர் நேப்பிள்ஸில் ஒரு தடியனைப் பார்க்க வருகிறாராம். ஒரு நாள் முந்திப் பலேர்மோவுக்கு வந்து றெக்சனையும் பார்க்க விருப்பமாம்.

ஐயோ, அந்தச் சந்தோசத்தை என்னவென்று சொல்ல! நான் ஸ்டூடியோவிலிருந்து பாய்ந்து வெளியே வந்து, எதிரே வந்த மீன்காரரைக் கட்டிப்பிடித்தேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் தானும் என்னைக் கட்டிப்பிடித்தார். பலேர்மோ அப்படித்தான். கடிதத்தைத் திரும்ப வாசித்தபோதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. உயரமும் நிறையும் தானே அளந்து பார்ப்பாராம்.

நேரே திரேசா வீட்டுக்குப் போனேன். மூன்று அங்குலக் கதையைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

“உதுக்கே அண்ணை முகம் இப்பிடிக் கறுத்துப் போச்சு? பொம்பிளை பாக்க வாற மாதிரித்தானே. பொறுங்கோ.”

பழைய இறப்பர் செருப்பு இரண்டு சோடி எடுத்தார், கத்தரிக்கோலால் நாலு குதிகாலையும் வெட்டினார், மகனின் சப்பாத்துக்குள் இரண்டு இரண்டாக வைத்தார். றெக்சன் அதைப் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்து பார்த்தான், குதிகால் செருப்புப் போட்ட மணப்பெண் மாதிரி.

“மம்மா, இதோடை ஓடினால் நான் முகம் குப்புறத்தான் விழுவன்.”

“அளக்குமட்டும் போடு, பிறகு கழட்டு. அந்தாளுக்கு நான் பற்றிஸும் றோல்ஸும் செய்யிறன். சாப்பிட்ட ஆள் பிழை பிடிக்காது.”

கிரேன்காரர் பின்னேரம் துறைமுகத்திலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். சிரிக்கவில்லை. “வெறுங்காலில்தான் அளப்பார்கள்,” என்றார் முதலில். பிறகு தன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு சொன்னார். “எனக்குக் கீழே நிற்கிறவன் ஒரு தாள் தருவான், இந்தப் பெட்டி இவ்வளவு நிறை என்று. ஒரு பெட்டியின் நிறை பிழை என்று கண்டால், அன்று முழுக்க அவன் தருகிற ஒரு தாளையும் நான் நம்ப மாட்டேன். மற்றப் பெட்டியெல்லாம் சரியாக இருந்தாலும் நம்ப மாட்டேன். உன் பொடியனின் வேகம் உண்மை, கை உண்மை. அதையெல்லாம் நீ இந்த மூன்று அங்குலத்தோடு ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறாய்.”

நான் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஏசாமல் ஒருவர் சொன்ன இந்தச் சொல் சுட்டது மாதிரி ஒன்றும் சுட்டதில்லை. வந்தவுடன் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று அவருக்குச் சொன்னேன்.

வந்தவுடன் சொன்னேனா? விமான நிலையத்தில் ஆளைக் கண்டேன். வாட்டசாட்டமான மனிதர், சிவந்த முகம், வாய் நிறையச் சிரிப்பு. கொழும்பு ஹோட்டலில் வேலை செய்த காலத்து இங்கிலிஷ் எனக்குக் கைகொடுத்தது. வந்த மனிதரை வாசலிலேயே ஏன் குழப்புவான், காரில் சொல்வோம் என்று நினைத்தேன். காரில் அவர் கடலைப் பார்த்து அழகு அழகு என்றார்; அழகைக் கெடுப்பானேன், அரஞ்சினாக் கடையில் சொல்வோம் என்று விட்டேன். கடையில் அவர் வாயில் சூடான அரஞ்சினா, பொரித்த சோற்றுருண்டை. இப்படியே மைதானம் வந்துவிட்டது. உங்களுக்கு இதிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன்: கெட்ட செய்தி சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அது உங்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

மைதானத்தில் றெக்சன் நின்றான், தாய் விடாப்பிடியாக வைத்துவிட்ட செருப்புத் துண்டுகள் சப்பாத்துக்குள். பக்கத்தில் கிரேன்காரர், வானத்தைப் பார்த்தபடி. அமெரிக்கர் பையைத் திறந்து அளவுநாடாவை எடுத்தார். “சப்பாத்தைக் கழற்று தம்பி,” என்று கையால் காட்டினார். பொடியன் குனியும்போது என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நான் விட்ட பொய்க்கு இவன் ஏன் வெறுங்காலோடு நிற்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“நில்லுங்கள்!” என்றேன், தேவைக்கு மேலாகச் சத்தமாக. “உயரம் நான் கூட்டி எழுதியது. இவன் ஐந்தடி ஆறு. பொடியனுக்கு இதில் பங்கில்லை. பிழை முழுக்க என்னுடையது.”

சொல்லி முடிக்கவும் றெக்சனின் சப்பாத்திலிருந்து நாலு குதிகால் துண்டும் ஒவ்வொன்றாகப் புல்லில் விழவும் சரியாக இருந்தது. நீல நிறம், மேலே மஞ்சள் பூ. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்த்தவர்கள் என்ற பெயர் எங்களுக்கு அங்கேயே எழுதியாகிவிட்டது.

அமெரிக்கர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்தார், சிரித்தார், புல்லில் இருந்துவிட்டார். “உலகம் முழுக்க எல்லாரும் கூட்டித்தான் எழுதுகிறார்கள். அதனால் நான் மூன்று அங்குலம் குறைத்துத்தான் வாசிப்பேன். எனக்கு இவன் வரும்போதே ஐந்தடி ஆறுதான்,” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இப்போது எனக்கு வேறு ஒரு கேள்வி. உயரத்தில் கூட்டத் தெரிந்தவர் வீடியோவில் எதைக் குறைத்தீர்? இவ்வளவு சின்னப் பொடியன் அந்த வீடியோவில் ஒரு தரமும் விழவில்லை. அது நடக்காத காரியம். ஓடுவான் என்று எனக்குத் தெரியும். அடி விழுந்த பிறகு என்ன செய்வான் என்று தெரியாது. அதைப் பார்க்காமல் நான் இவனுக்காக ஒரு சொல்லும் பேச மாட்டேன். பின்னேரக் கப்பலில் நான் நேப்பிள்ஸ் போகிறேன்.”

நல்ல காலம், கலியாண வீடியோக்காரன் எடுத்ததை அழிக்க மாட்டான். பத்து வருடம் கழித்து யாராவது வந்து, செத்துப்போன மாமா ஒரு ஓரத்தில் நின்றாரே, அந்தத் துண்டு இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆகவே எல்லா ஆட்டமும் முழுசாக ஒரு டிஸ்க்கில் இருந்தது. ஸ்டூடியோவில் வைத்துக் காட்டுகிறேன் என்றேன்.

“சாப்பாடு எங்கே?” என்று கேட்டார் அமெரிக்கர்.

“இவன் தாயின் வீட்டில்.”

“அப்போ அங்கேயே பார்ப்போம். எனக்கு நேரம் இல்லை.”

திரேசாவின் முன்னாலா! றெக்சன் வெளிறிப்போனான். “அங்கிள், மம்மா பாத்தால் எல்லாம் முடிஞ்சுது. அமெரிக்கா ஓம் எண்டாலும் மம்மா விடமாட்டா.”

உண்மைதான். ஏதாவது சாட்டுச் சொல்லித் திரேசாவைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் போட்டுக் காட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. கலியாணப் பேச்சுக்காரனுக்கு அதெல்லாம் தண்ணீர் பட்டபாடு. ஆனால் காலையிலிருந்து பொய்யைச் சுமந்து சுமந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. வழியில் ஸ்டூடியோவில் டிஸ்க்கையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு போய், திரேசா வீட்டு வாசலில் வைத்தே சொன்னேன்.

“திரேசா, நான் இவ்வளவு நாளும் உமக்கு முழுசாக் காட்டேல்லை. இவன் விழுந்ததெல்லாத்தையும் வெட்டிப்போட்டன். இண்டைக்கு அதைத்தான் போடப்போறன். நீர் பாக்கவேணும்.”

அவர் மேசையில் பற்றிஸ் தட்டை வைத்துவிட்டு, கையில் துவாயோடு வந்து கதிரையில் இருந்தார்.

போட்டேன். முதல் துண்டில் றெக்சன் உயர எழும்பிப் பந்தைப் பிடிக்கிறான், பக்கத்திலிருந்து ஒரு தடியன் வந்து இடுப்பில் இடிக்கிறான், பொடியன் அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி முதுகு அடிபட விழுகிறான்.

“மாதாவே!” என்றார் திரேசா.

“குட்!” என்றார் அமெரிக்கர்.

அடுத்தது. “ஐயோ, என்ரை பிள்ளை!” “குட்! வெரி குட்!” அடுத்தது இன்னும் மோசம், இரண்டு பேர் ஒன்றாக. திரேசா துவாயை வாயில் கடித்துக்கொண்டார். அமெரிக்கர் பற்றிஸைக் கையில் பிடித்தபடி கடிக்க மறந்து முன்னால் குனிந்து பார்த்தார். ஒருவருக்கு நெஞ்சு வெடிக்கிறது, ஒருவருக்குத் திருவிழா. நடுவில் இருந்த எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நாலைந்து துண்டு போனபின் அமெரிக்கர் நிறுத்தச் சொன்னார். “ஒவ்வொரு தரமும் விழுந்து எழும்பிக் கமராவைப் பார்த்து இவன் இரண்டு விரலால் ஏதோ காட்டுகிறான். அது என்ன? பந்து எறிகிறவருக்குக் குறிப்பா?”

திரையில் றெக்சன், முகமெல்லாம் மண், ஒரு கையில் பந்து. மற்றக் கையின் இரண்டு விரலும் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து மூடுகின்றன. நான் உண்மையைச் சொன்னேன். “அது எனக்கு. ‘அம்மா பார்ப்பா, இதை வெட்டுங்கோ’ என்று சொல்கிறான்.” இங்கிலிஷில் சொன்னதைத் தமிழிலும் சொன்னேன்.

திரேசா மகனைத் திரும்பிப் பார்த்தார். றெக்சன் றோல்ஸுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

“எத்தினை வருசமாடா?”

“மூண்டு.”

துவாயால் முதுகில் ஒரு அடி விழுந்தது. “மூண்டு வருசமா நோவைத் திண்டுகொண்டு, எனக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறாய்! நோகேல்லையோடா?”

“நொந்தது மம்மா.”

“நொந்தால் பிறகு ஏன் போய் நிக்கிறாய்?”

அவன் யோசித்தான். “பந்தை விடேல்லைத்தானே,” என்றான்.

அமெரிக்கர் என்ன பேச்சு என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் பற்றிஸைத் தட்டில் வைத்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அதுவரை அவர் அதைத் திறக்கவேயில்லை. திறந்து அந்த ஒரு வரியைத்தான் எழுதினார். பிறகு எல்லாத் துண்டையும் முதலிலிருந்து பார்ப்போம் என்றார். பார்த்தோம். உண்மைதான், அந்த வருட ஆட்டங்களில் பதினேழு தரம் விழுந்தான், பதினாறு தரம் பந்து கையில் இருந்தது. அந்தப் பதினேழாவதுக்கு அவனே என்னைப் பார்த்து, “அது சூரியன் கண்ணுக்குள்ளை அடிச்சது, அங்கிள்,” என்று சாட்டுச் சொன்னான். திரேசாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

போகும்போது அமெரிக்கர் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. மேலிடத்தில் பேச வேண்டும், இவ்வளவு சின்ன ஆளுக்காகப் பேசுவது லேசில்லை என்றார். கப்பலில் சாப்பிட என்று திரேசா ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தார். அந்தக் கப்பலின் சமையலறையில்தான் மகனுக்கு வேலை காத்திருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

யூன் கடைசிக்கு இரண்டு நாள் இருக்க மின்னஞ்சலில் கடிதம் வந்தது. அச்சடித்து எடுத்துக்கொண்டு வியா மக்வேதாவால் ஓடினேன். என் முழங்காலுக்கு அதுதான் கடைசி ஓட்டம். சிஞ்ஞோரா வீட்டின் கீழே போய் நின்று மேலே பார்த்தால், மூன்றாம் மாடிப் பல்கனியில் திரேசா படுக்கை விரிப்பைக் காயப்போடுகிறார்.

“திரேசா! வந்திட்டுது!”

“ஓமோ இல்லையோ?”

“ஓம்!”

“எத்தினை வருசம்?”

“நாலு!”

“சாப்பாடு?”

“அதுவும் அவையள்தான்!”

படுக்கை விரிப்பு திரேசாவின் கையை விட்டு நழுவி என் தலையில் வந்து விழுந்தது. ஈரத்துணிக்குள்ளிருந்து நான் வெளியே வருவதற்குள் சிஞ்ஞோரா பல்கனிக்கு வந்து என்ன என்ன என்று கேட்டு, பக்கத்துப் பல்கனிக்குச் சொல்லி, கீழே பழக்கடைக்காரரும் கைதட்டத் தொடங்கிவிட்டார். திரேசா வெறுங்காலோடு படியிறங்கி ஓடி வந்தார்.

“வாசியுங்கோ அண்ணை.”

இரண்டு பந்தி வாசித்தேன். இடம் உண்டு, படிப்புச் செலவு உண்டு, தங்க அறை உண்டு. மூன்றாவது பந்தி வந்தது. அதை நான் முன்னமே வாசித்திருந்தேன். பெரிய சந்தோசத்தில் நிற்கிற பெண், சுற்றிவர இத்தனை சனம். அந்தப் பந்தியை விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தாளை மடிக்கக் கைகூடப் போனது. பிறகு நிமிர்ந்து நின்று, ஒரு சொல் விடாமல் வாசித்தேன். முதல் வருடம் அவனை ஆட்டத்தில் இறக்க மாட்டார்கள். இருக்கிற உடம்போடு அங்கே இறங்கினால் முறிந்துபோவான். அதற்குள் பத்துக் கிலோ ஏற வேண்டும். ஏறாவிட்டால் அணியில் இடம் உறுதியில்லை.

திரேசாவின் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. கைதட்டினவர்களும் என்ன நடந்தது என்று தெரியாமல் நிறுத்தினார்கள். அவர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த இங்கிலிஷ் மூன்றாம் பந்தியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“உயரம் கூட்டச் சொல்லேல்லைத்தானே?”

“இல்லை. நிறை மட்டுந்தான்.”

“பத்துக் கிலோவோ?” என்றார் திரேசா. “அவன் வெளிக்கிட இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. அதை என்னட்டை விடுங்கோ!”